மகன் வீடு பார்க்கும் ஊர் எழும்புமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, இங்கிலாந்தில் எந்த ஊரில் வீடு வாங்கலாம் என்பது பற்றித்தான். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதை ஏன் கேட்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே பிள்ளை கட்டும் முன்பணத்தில் ஒரு பங்கு இங்கே விற்கிற வயலில் இருந்து போகிறது. பதினொரு வருடம் லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். எனக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் லண்டனில் பெற்றோல் செட்டில் வேலை செய்கிறான். லண்டனுக்கு வெளியே ஒரு ஊரில் வீடு பார்த்திருக்கிறான். "இப்ப மலிவு, அஞ்சு வருசத்தில ஏறிடும், எல்லாரும் அங்கதான் போகினம்" என்று சொல்லி, இரண்டு ஏக்கர் வயலை விற்று அனுப்பச் சொல்கிறான். ஒரு ஊர் நல்லாக வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓர் அம்மா, உருத்திரபுரம்

பதில்: அம்மா, வயலுக்குப் பிறகு வருகிறேன், முதலில் ஊரைப் பார்ப்போம். மாரியில் குளம் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் வான் பாயும், பாய்கிற தண்ணீர் பக்கத்துப் பள்ளத்தைத்தான் முதலில் பிடிக்கும். லண்டனில் வீட்டு விலையும் இப்படித்தான் பாய்கிறது. ஹக்னியில் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் அங்கே வாங்க முடியாத இளம் குடும்பங்கள் பக்கத்து வால்தம்ஸ்டோவுக்கு வந்தன. இத்தனைக்கும் வால்தம்ஸ்டோவுக்கு விக்டோரியா பாதாள ரயில் 1968 இலேயே வந்துவிட்டது, ஆனால் ஊர் உண்மையாக எழும்பியது 2010க்குப் பிறகுதான். அதனால் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த ஊருக்குப் பக்கத்தில் எந்த ஊர் நிறைந்து வழிகிறது என்பது. அவனிடம் பதில் இல்லையென்றால் "எல்லாரும் போகினம்" என்பது வெறும் கடைவாசல் கதை.

இரண்டாவது, "வரப்போகிறது" என்ற சொல்லை நம்பிக் காசு போடக் கூடாது. லண்டனில் எலிசபெத் ரயில் பாதையை 2018 டிசம்பரில் திறப்பதாகச் சொன்னார்கள். திறந்தது 2022 மே 24 அன்று. அந்தப் பாதையில் உள்ள அபி வூட் போன்ற இடங்களில் அதை நம்பி வாங்கியவர்கள் மூன்றரை வருடம் பழைய ரயிலிலேயே நெரிபட்டுப் போனார்கள். அவர்களுக்காவது கடைசியில் ரயில் வந்தது. வேகரயில் வரும் என்று காத்திருந்த குரூ என்ற ஊருக்கு அதுவும் இல்லை. அந்த வேகரயில் பாதையில், குரூ இருக்கிற, பர்மிங்காமுக்கு வடக்கே போகும் பகுதியை 2023 ஒக்டோபரில் அரசாங்கம் ஒரேயடியாகக் கைவிட்டது. தண்டவாளம் போட்டு ரயில் ஓடுகிற ஊரைப் பார்க்கச் சொல்லுங்கள், வரைபடத்தில் கோடு போட்ட ஊரை அல்ல.

மூன்றாவது, நேரே போய்ப் பார்ப்பது. நான் ஒருமுறை ஓகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை கடலோர ஊர் ஒன்றுக்குப் போய், வெயிலும் சனமும் ஐஸ்கிரீம் கடையும் பார்த்து மயங்கி, இங்கேயே வந்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். பெப்ரவரியில் திரும்பப் போனபோது பிரதான தெருவில் பாதிக் கடை இழுத்துப் பூட்டியிருந்தது, மாலை ஐந்து மணிக்கே இருட்டு, பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அதனால் உங்கள் மகன் ஒரு வேலைநாளில் காலை ஆறரைக்கு அந்த ஊர் ரயில் நிலையத்தில் நிற்கட்டும், பிறகு மழை பெய்கிற மாலை ஒன்றில் தெருத்தெருவாக நடக்கட்டும். வீடுகளின் முன்னால் ஸ்கிப் என்ற பெரிய இரும்புத் தொட்டி நிற்கும். அதற்குள் பழைய குசினி அலமாரி, உடைத்த ஓடு, குளியல் தொட்டி எல்லாம் கிடக்கும். ஒரே தெருவில் மூன்று நான்கு ஸ்கிப் நின்றால், அங்கே வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், வாடகைக்கு விடுகிறவன் குசினியை மாற்றிச் செலவழிப்பது குறைவு. நான் எந்தப் புள்ளிவிவரத்தையும் விட இதைத்தான் நம்புவேன்.

சரி, வயல். உங்களுடையது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. சொந்த உறுதி உள்ள காணியாக இருந்தாலும், காசை வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய வங்கியின் கட்டுப்பாடு உண்டு. வங்கியில் கேட்காமல் காணிக்கு விலை பேச வேண்டாம். வங்கி வழியில்லாமல் உண்டியலில் அனுப்பினால், இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று அங்கே சொலிசிட்டர் என்ற வழக்கறிஞரும் வீட்டுக்கடன் கொடுக்கிற வங்கியும் எழுத்தில் கேட்பார்கள், காட்ட முடியாவிட்டால் வீடு கைக்கு வராது. என்னைக் கேட்டால், மகன் குடும்பத்தோடு இருக்கப் போகிற வீடு என்றால் யோசிக்கலாம். விலை ஏறும் என்பதற்காக மட்டும் என்றால், காலபோகமும் சிறுபோகமும் விளைகிற மண்ணை விற்க வேண்டாம் அம்மா.

கேள்வி: வாழச் சிறந்த ஊர்கள் என்று பிரித்தானியப் பத்திரிகைகள் வருடாவருடம் பட்டியல் போடுகின்றனவே, அதை நம்பலாமா?
– ஆசிரியர், மாங்குளம்

பதில்: சேர், வாசிக்கலாம், ஆனால் பட்டியலில் பெயர் வரும்போது அந்த ஊரின் விலை அநேகமாக ஏறி முடிந்திருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் எந்த வீடு எப்போது என்ன விலைக்கு விற்றது என்பதைக் காணிப் பதிவகம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஒரே தெருவில் பத்து வருட விற்பனையைப் பார்த்தால் பட்டியல் தேவையில்லை. வெள்ளம் வருமா என்பதை அஞ்சல் குறியீட்டைப் போட்டு அரசாங்கத்தின் வெள்ள வரைபடத்தில் பார்க்கலாம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவு திறந்த இரவைக் கண்ட நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கவனம். "மிகச் சிறந்தது" என்ற ஒற்றைச் சொல் முத்திரையை, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற ஒவ்ஸ்டெட் அமைப்பு 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது, வீடு விற்கிறவர்கள் இன்னும் பழைய முத்திரையைச் சொல்லித்தான் விற்பார்கள். அறிக்கையை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தம்பி எழும்புகிற ஊர் என்று சொல்லி ஃபிளாட் வாங்கப் போகிறார். ஊர் சரியென்றால் ஃபிளாட்டும் சரிதானே?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இல்லை. இங்கிலாந்தில் ஃபிளாட் பெரும்பாலும் குத்தகைதான், நிலம் இன்னொருவருடையது. குத்தகையில் மிஞ்சியுள்ள வருடங்கள் குறையக் குறைய வங்கிகள் பின்வாங்கும், அதை நீட்டவும் காசு வேண்டும். பராமரிப்புக் கட்டணமும் வருடாவருடம் கூடலாம். 2017இல் கிரென்ஃபெல் மாடித்தொடர் எரிந்து 72 பேர் இறந்த பிறகு, சுவரின் வெளிப்பூச்சுப் பலகை தீப்பிடிக்குமா என்ற சந்தேகத்தில் எத்தனையோ ஃபிளாட்கள் விற்க முடியாமல் நின்றன. ஊர் எழும்பினாலும் அந்தக் கட்டடம் எழும்பாது. குத்தகையில் எத்தனை வருடம், கட்டணம் எவ்வளவு, தீப்பாதுகாப்புப் பத்திரம் இருக்கிறதா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: ஊர் எழும்பினால் ஏற்கெனவே அங்கே இருந்த சனத்துக்கு என்ன நடக்கும்?
– மாணவர், வவுனியா

பதில்: நல்ல கேள்வி தம்பி, வீடு வாங்குகிற யாரும் இதைக் கேட்பதில்லை. உழைக்கும் மக்களின் தெருக்களில் வசதியானவர்கள் குடியேறி, பழையவர்கள் மெல்ல வெளியே தள்ளப்படுவதற்கு ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964இல் லண்டனை வைத்தே ஒரு பெயர் கொடுத்தார், ஜென்ட்ரிஃபிகேஷன். வீட்டுக்காரனுக்கு விலை ஏறுவது லாபம், வாடகைக்காரனுக்கு அதுவே வெளியேற்றம். நான் இருந்த வீட்டுக்கு மூன்று வருடத்தில் இரண்டு முறை வாடகை கூட்டினார்கள். மேல்மாடியில் இருந்த பருத்தித்துறைக் குடும்பம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நடுவருடத்தில் மாற்றிக்கொண்டு போனது. அந்தப் பிள்ளை படிக்கட்டில் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேள்வி: இதே கணக்கு நம் கிளிநொச்சிக்கும் பொருந்துமா?
– வாசகர், பரந்தன்

பதில்: பெருமளவு பொருந்தும். 2013 செப்டம்பரில் ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது, அறிவியல்நகரில் பல்கலைக்கழகப் பீடங்கள் வந்தன, ஏ9 ஓரத்துக் காணியின் விலை எங்கே போனது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் இங்கே காணி வாங்குகிறவர் ஸ்கிப் தேட வேண்டாம். கோடை வரட்சியில் போய், பக்கத்து வளவுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.