மருந்தாளருக்குத் தொடர்கல்வி எதற்கு?

கேள்வி: இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்று 12 வருடங்களாக மருந்தாளராக இருக்கிறேன். இன்னும் படிக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கட்டாயம் படிக்க வேண்டும், சகோதரி. நீங்கள் கற்ற காலத்தில், நீரிழிவு மருந்தான மெட்ஃபோர்மின் கொடுக்கலாமா என்பதைக் குருதியிலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைக் கொண்டே பெரும்பாலும் தீர்மானித்தார்கள். 2016இல் அமெரிக்காவில் அந்த அறிவுறுத்தல் மாற்றப்பட்டு, சிறுநீரக வடிதிறனே அளவுகோலாயிற்று. அதைவிட என்னை உறுத்துவது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே விழுங்க வேண்டிய அம்மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தோர் உண்டு என்பதால், 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை புதிய எச்சரிக்கைகளை விதித்தது. இதை அறிந்த மருந்தாளர், மாத்திரை உறையில் ‘1’ என்று மட்டும் குறிக்காமல், ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று நோயாளியின் மொழியிலேயே எழுதி, வாசித்தும் காட்டுவார். வாரத்துக்கு ஒரு மருந்தைப் பற்றிப் படியுங்கள்; உங்கள் கடையில் அதிகம் போவதிலிருந்தே தொடங்குங்கள்.