பறவைகளை அவ்வளவாக அடையாளம் தெரியாத ஒருவர் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாமா? அவர் தரும் பட்டியலால் என்ன பயன்?

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். காகம், மைனா, கிளி, கொக்கு, மடையான், கரிச்சான் என்று பத்துப் பதினைந்து பறவைகளைத் தயக்கமின்றிச் சொல்லத் தெரிந்தால் போதும். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்று எண்ணி வருபவன் என்ற முறையில், இந்தக் கணக்கெடுப்பு நிற்பதே அத்தகைய எளிய பட்டியல்களின் மேல்தான் என்று சொல்வேன்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் இது நடைபெறுகிறது. ஓரிடத்தில் நின்றோ மெதுவாக நடந்தோ குறைந்தது 15 நிமிடங்கள் கவனித்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணிக்கையோடு குறித்து, இடம், தொடங்கிய நேரம், செலவிட்ட நிமிடங்கள், நடந்த தூரம் ஆகியவற்றுடன், பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நான்கு நாட்களுக்கும் சேர்த்து ஒரே பட்டியலாகப் போடக் கூடாது. ஒவ்வொரு முறை கவனித்ததும் தனித்தனிப் பட்டியலாக வேண்டும்.

பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா என்று தளம் கேட்கும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பெயர் தெரியாத பழுப்புநிறச் சிறு பறவை ஒன்று பறந்து போனதே என்று எண்ணி ‘இல்லை’ என்று பதில் தந்துவிடுகிறார்கள். கேட்கப்படுவது அங்கிருந்த எல்லாப் பறவைகளையும் அடையாளம் கண்டீர்களா என்பதன்று. கண்டவற்றில் எதையும் வேண்டுமென்றே விட்டுவிடவில்லையே என்பதுதான். ‘ஆம்’ என்றால், உங்கள் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிவிடுகிறது. ஓரிடத்திலிருந்து வந்த முழுமையான பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் ஒரு பறவை இடம்பெற்றது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட்டுத்தான் அது பெருகுகிறதா, குறைகிறதா என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். காகத்தைப் போய் யாராவது எழுதுவார்களா என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டால், அந்தக் கணக்கில் காகமே இல்லாத ஊராக நம் ஊர் மாறிவிடும்.

நாடு முழுவதிலிருந்தும் அந்தத் தளத்தில் இப்படிச் சேர்ந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 867 இனங்களின் நிலையை மதிப்பிட்ட ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை 2020-இல் வெளிவந்தது. சிட்டுக்குருவி அழிந்துகொண்டிருக்கிறது என்று மேடைதோறும் பேசப்பட்ட காலம் அது. பெருநகரங்களில் அது குறைந்திருந்தாலும், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது ஏறக்குறைய நிலையாகவே இருப்பதாக அந்த அறிக்கை காட்டியது. சிட்டுக்குருவியைச் சலிக்காமல் எழுதிவைத்தவர்கள் இல்லாதிருந்தால் அந்தப் பேச்சைச் சரிபார்க்க வழியே இருந்திருக்காது.

ஜனவரி மாதத்திற்கு ஒரு வசதி உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர்நிலைகளில் தண்ணீர் நிற்கும். வலசை வந்த பறவைகளும் அவரவர் இடம் பிடித்து அமர்ந்துவிட்டிருக்கும். கரையோரச் சீமைக் கருவேலம் புதருக்குள்ளிருந்து ‘டக்… டக்’ என்று நாக்கைத் தட்டுவதுபோல ஓர் ஒலி விட்டு விட்டுக் கேட்கும். எவ்வளவு நேரம் நின்றாலும் இலை அசைவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது பிளித் நாணல் கதிர்க்குருவி. குரலை உறுதியாக அறிந்தவர் காணாமலேயே அதைக் கணக்கில் சேர்க்கலாம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இப்போது பலரிடம் இருக்கிறது. அது காட்டும் பெயரை ஒரு துப்பாக மட்டும் கொண்டு, நீங்களே பறவையைப் பார்த்தோ குரலைக் கேட்டோ தெளிந்த பிறகு எழுதுவதே முறை. கொக்குக் கூட்டம் பெரிதாக இருந்தால், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, மற்றதை அதே அளவால் மதிப்பிடலாம். சின்னக் கொக்கா, உண்ணிக்கொக்கா என்று விளங்காதபோது பொதுவாகக் கொக்கு என்று குறிக்கவும் தளத்தில் இடம் தந்திருக்கிறார்கள். ஊகித்து ஓர் இனத்தின் பெயரைப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வழக்கத்திற்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ பதிவு செய்தால், அந்தப் பகுதிப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் படமோ குறிப்போ கேட்டு எழுதக்கூடும். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாலின் நீளம், அலகின் நிறம், எங்கே உட்கார்ந்திருந்தது என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் போதும். போதிய விவரம் இல்லையென்றால் அந்த ஒரு பதிவு மட்டும் உறுதிசெய்யப்படாததாக உங்கள் பட்டியலில் இருக்கும். மற்றவை வழக்கம்போலக் கணக்கில் சேரும்.