அம்மாவை இறக்கவா, வேண்டாமா?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் சுனாமி ஒத்திகை நடந்தது. சைரன் கேட்டதும் கடலை விட்டு காலி வீதியை (Galle Road) தாண்டி நடக்கச் சொன்னார்கள். நாலாம் மாடியில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவரை எப்படி இறக்குவது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இறக்க வேண்டாம், தங்கச்சி. கட்டடம் உறுதியான கொங்கிரீட் என்றால் நாலாம் மாடியே அவருக்குப் பாதுகாப்பு. லிஃப்டில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். கரண்ட் போனால் நடுவில் நிற்பார். கீழ்வீட்டுக்காரரையும் மேலே கூப்பிடுங்கள், கோபதாபம் பிறகு பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. எனக்கு இங்கே ஒன்றும் தெரியவில்லை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கடல் உள்வாங்கிவிட்டது என்றார்கள். தண்டவாளத்தைக் கடந்து வேடிக்கை பார்க்கப் போனேன். புத்தி கெட்ட வேலை! கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் போன ரயில் பெரேலியவில் முதல் அலையில் நின்றுவிட்டது. ஊர்ச்சனம் அதையே காப்பென்று நினைத்து ஏறியது. அடுத்துப் பெரிய அலை வந்தது. ஆயிரத்துக்கு மேல் உயிர்கள். ஆகவே முதல் அலை போனதும் அம்மாவின் மருந்து எடுக்க என்று கீழே இறங்காதீர்கள். அறிவித்தல் வரும்வரை, மணிக்கணக்கானாலும், மேலேயே இருங்கள்.

2012 ஏப்ரலிலும் எச்சரிக்கை வந்தது, ஓடினோம், பேரலை வரவில்லை. "சும்மா ஓட வைத்தார்கள்" என்று என் மச்சான் இன்றைக்கும் முணுமுணுக்கிறார். நான் அடுத்த முறையும் ஓடுவேன்.

பிரஷர் குளிசை, டோர்ச், பட்டரி ரேடியோ, தண்ணீர் எல்லாம் ஒரே பையில் கதவடியில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அம்மாவின் போனில் பதிந்து கொடுங்கள்.