ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்தா போதுமா?

கேள்வி: அக்கா, மாடில இருபது க்ரோ பேக் வெச்சிருக்கேன். வேலைக்குப் போறதால ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் உக்காந்து எல்லாம் செய்வேன், மத்த நாள் வீட்டுக்காரர் தண்ணி ஊத்திடுவார். செம்பருத்தில வெள்ளையா பஞ்சு மாதிரி வந்துச்சு, இப்ப கத்தரி, கொய்யான்னு எல்லாத்துலயும் இருக்கு. வாரம் ஒரு தடவை போதாதா? - வாசகி, தாம்பரம்

பதில்: அது மாவுப்பூச்சி தங்கச்சி. மூணு மணி நேரம் உழைக்கறீங்க, அந்த உழைப்பு மேல எனக்கு மரியாதை இருக்கு, ஆனா அதையே பிரிச்சு தினம் பத்து நிமிஷம் காலைல காபி டம்ளரோட மாடிக்குப் போய் சும்மா இலையத் திருப்பிப் பாத்தீங்கன்னா ஞாயித்துக்கிழமை வேலையே பாதியாகிடும். மாவுப்பூச்சி அந்தப் பஞ்சுக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை வைக்கும், அதுல இருந்து வர்ற குஞ்சு கண்ணுக்கே சரியா தெரியாது, அதுதான் ஊர்ந்து போயும் காத்துல பறந்தும் அடுத்த செடிக்குப் போகுது. பெருசானா உடம்பு மேல மெழுகு மூடிக்கும், அப்புறம் நீங்க என்ன அடிச்சாலும் வழிஞ்சு ஓடிடும். அதனால முதல் நாலு பூச்சியப் பாக்கறதுதான் முக்கியம். தண்டுல எறும்பு வரிசையா மேல ஏறுதா, உடனே நுனிக்கொழுந்தயும் இலைக்கு அடிப்பக்கத்தையும் பாருங்க, ஏன்னா அந்தப் பூச்சி விடற இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு போகும், அதுக்கு காவலும் இருக்கும்.

இப்ப செய்ய வேண்டியது: ரொம்ப புடிச்ச கிளைய வெட்டி சோப்புத் தண்ணில முக்கிட்டு அப்புறம் குப்பைல போடுங்க, கீழயே போட்டா திரும்ப ஏறிடும். மிச்சத்துக்கு ஹோஸ்ல தண்ணிய வேகமா பீச்சி அடிங்க. சாயந்திரமா வெயில் தாழ்ந்ததும் 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப் கரைச்சு, இலைக்கு அடிப்பக்கமும் நனையற மாதிரி ஸ்ப்ரே பண்ணுங்க. ஒரு தடவை அடிச்சுட்டு விட்டுடறதாலதான் நிறைய பேர் வேப்பெண்ணெய் வேலை செய்யலன்னு சொல்றாங்க, முட்டை சாகாது, அது பொரிஞ்சு வரும்போது திரும்ப அடிக்கணும், 6, 7 நாள் இடைவெளில மூணு தடவையாவது.

இன்னொண்ணு, அந்தக் கூட்டத்துல அதே மாதிரி வெள்ளையா, ஆனா பெருசா, வேகமா நடக்கறது ஏதாவது இருந்தா நசுக்கிடாதீங்க! அது ஒரு வகை பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியத் தின்னுதான் வளரும். இந்த மாதிரி நல்ல பூச்சிங்களோட அருமை நம்ம ஊர் விவசாயிங்களுக்கு நல்லா தெரியும், 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு அழிச்சப்ப 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு குட்டிக் குளவியக் கொண்டு வந்து விட்டுத்தான் அது அடங்குச்சு. கடைல குடுக்கற கடுமையான மருந்த அடிச்சா முதல்ல சாகறது இதுங்கதான்.

கேள்வி: டெங்கு செக் பண்ண வந்தவங்க எங்க வீட்டு தொட்டித் தட்டுல கொசுப்புழு இருக்குன்னு காட்டிட்டுப் போனாங்க. அதுல இருந்து அம்மா எல்லா செடியையும் தூக்கிப் போடச் சொல்றாங்க. என்ன பண்றதுக்கா? - வாசகர், வேலூர்

பதில்: அம்மா பயப்படறதுல நியாயம் இருக்கு தம்பி, அவங்ககிட்ட சண்டை போடாதீங்க. டெங்கு பரப்பற ஏடிஸ் கொசுவுக்கு சாக்கடை தேவையில்ல, தட்டுல தேங்கற நல்ல தண்ணியே போதும். நம்ம வெயிலுக்கு முட்டைல இருந்து கொசுவாகி பறக்க 7ல இருந்து 10 நாள்தான், அதனால வாரத்துல ஒரு நாள் தவறாம தட்டக் கொட்டினா புழு கொசுவாகவே முடியாது. ஒரு வாரம் விட்டா போச்சு. கொட்டினா மட்டும் போதாது, தேங்கா நார் போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவணும், ஏன்னா முட்டை தண்ணி ஓரத்துல தட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உயிரோட இருந்து அடுத்த தடவை தண்ணி பட்டதும் பொரியும். மாடில இருக்கற தொட்டிக்குத் தட்டே வேண்டாம், ரெண்டு செங்கல் வெச்சு அது மேல தூக்கி வைங்க. வீட்டுக்குள்ள மணி பிளான்ட் பாட்டில், மாடி மூலைல கெடக்கற கொட்டாங்குச்சி, காலி பெயின்ட் டப்பா இதையும் அதே நாள்ல பாத்துடுங்க.

கேள்வி: வெண்டை நல்லா காய்ச்சுக்கிட்டு இருந்துச்சு, ஊருக்குப் போய் பத்து நாள் கழிச்சு வந்தா காய் எல்லாம் முத்திக் கெடக்கு, பூவே இல்ல. பக்கத்து வீட்டுல தண்ணி ஊத்தினாங்களே? - வாசகி, கும்பகோணம்

பதில்: தண்ணி ஊத்தினாங்க, காய் பறிக்கலயே! பூ விரிஞ்சு 5, 6 நாள்ல வெண்டை பறிக்கற பதத்துக்கு வந்துடும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும். விதை முத்த ஆரம்பிச்சா செடி தன் சத்தையெல்லாம் அந்த விதைக்கே அனுப்பும், புதுப் பூ குறைஞ்சுடும். முத்தினதையெல்லாம் இப்பவே வெட்டிடுங்க, நல்ல செடில ரெண்டு காய மட்டும் விதைக்கு விடலாம். மண்புழு உரம் ரெண்டு கை போட்டு, 1 லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிங்க, செடிக்கு ரொம்ப வயசாகலன்னா பக்கக்கிளை விட்டு திரும்பப் பூக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டம்மாகிட்ட காய் முழுக்க நீங்களே பறிச்சு எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போங்க.

கேள்வி: மல்லிச்செடி பெருசா படர்ந்திருக்கு, பூ மட்டும் குறைவு. கவாத்து பண்ணச் சொல்றாங்க, வெட்ட மனசே வரல. - வாசகி, மதுரை

பதில்: எனக்கும் முதல் வருஷம் கை வரவே இல்ல. ஆனா மல்லி புதுசா வர்ற துளிர்லதான் பூக்கும், பழைய கிளை சும்மா படர்ந்து சத்தத்தான் தின்னும். நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகைல, தரைல இருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேல எல்லாத்தையும் வெட்டிடுங்க, காஞ்ச குச்சி, உள்பக்கமா பின்னிக்கிட்ட குச்சி எல்லாம் எடுத்துட்டு தொழுஉரம் வைங்க. வெட்டினப்ப மொட்டையா பாக்கவே கஷ்டமா இருக்கும், மார்ச்ல மொட்டு கட்டறப்ப பாருங்க. தேதி தள்ளிப் போச்சுன்னா பூவும் தள்ளிப் போகும்.

கேள்வி: கைப்பிடிச்சுவர் வெடிப்புல அரசங்கன்னு முளைச்சிருக்கு. புடுங்கினா பாவம்னு மாமியார் சொல்றாங்க. - வாசகி, சென்னை

பதில்: நாலு இலை விட்ட இப்பவே எடுத்துடுங்க, தண்ணி ஊத்தி வெடிப்ப நல்லா ஊற வெச்சு வேரோட மெதுவா இழுத்தா முழுசா வந்துடும், அத ஒரு தொட்டில வெச்சு வளத்து கோயில் இடத்துலயோ ஏரிக்கரைலயோ கேட்டு நட்டுடுங்க, மாமியாருக்கும் மனசு ஆறும். தலைய மட்டும் கிள்ளினா வேர் உள்ளயே பருத்து சுவரப் பிளக்கும். எங்க வீட்டுல நான் அப்படித்தான் ரெண்டு வருஷம் கிள்ளிக்கிட்டே இருந்தேன், கடைசில கொத்தனார வெச்சு சுவர உடைச்சுத்தான் வேர எடுத்தோம். மேல போனதுதான் போனீங்க, மழைத்தண்ணி போற பைப் வாயில சருகு அடைச்சிருக்கான்னும் பாத்துடுங்க, ஐப்பசி மழை வர்றதுக்கு முன்னாடி.