வீடும் உணவும் அடிப்படை உரிமைகளாக வேண்டுமா?

கேள்வி: உணவு, வீடு, வைத்தியம் ஆகியவற்றை அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளாகச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அரசிடம் பணம் இல்லாதபோது எழுதிவைத்து என்ன பயன், ஐயா?
– வாசகர், மூதூர்

பதில்: சேர்க்கத்தான் வேண்டும். போதிய உணவும் உடையும் வீடும் எல்லாக் குடிமக்களுக்கும் கிடைக்கச் செய்வது அரசின் குறிக்கோள் என்று இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை ஏற்கெனவே கூறுகிறது. ஆனால், இவற்றைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது என்று 29ஆம் உறுப்புரை தடுத்துவிடுகிறது.

பணம் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. தென்னாபிரிக்கா 1996இல் வீட்டுரிமையையும் சுகாதார உரிமையையும் அரசியலமைப்பில் சேர்த்தபோது, இருக்கும் வளங்களுக்கு உட்பட்டு அரசு நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றே எழுதியது. அதனால்தான், 1997இல் சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை கேட்டு வந்தபோது, இயந்திரங்கள் போதாத நிலையை ஏற்று நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை மறுத்தது. படிக்கவே மனம் கனக்கும் தீர்ப்பு அது. 2000ஆம் ஆண்டு ஐரீன் குரூட்பூம் என்ற பெண்ணும் அவருடன் குடிசையிழந்தவர்களும் தொடுத்த வழக்கிலோ, தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கு எந்த ஏற்பாடும் செய்யாத வீடமைப்புத் திட்டம் நியாயமானதல்ல என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளுக்கொரு வீடு கொடுக்கும்படி அது கட்டளையிடவில்லை. அந்தப் பெண் 2008இல் சொந்த வீடு கிடைக்காமலே இறந்துபோனார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே, இத்தகைய உரிமையால் நாளைக்கே வீடு வந்துவிடாது. திட்டம் எங்கே, அதில் எங்களுக்கு என்ன இடம் என்று கேட்டால், அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களிற் பலர், 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்படும் வரை, கிளிவெட்டி போன்ற இடங்களில் தற்காலிகக் கொட்டகைகளில் வாழ்ந்ததை நீங்கள் அருகிருந்தே அறிவீர்கள். விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரம் 14ஆம் உறுப்புரையில் உண்டு. ஆனால் அந்தக் கொட்டகைக்கு ஒழுகாத கூரை வேண்டும் என்று உரிமையோடு கேட்க அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் ஓர் உறுப்புரையும் இல்லை.

உரிமையை எழுதினால் மட்டும் போதாது. இன்று அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாதத்துக்குள், கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்திலேயே மனுச் செய்ய வேண்டும். கடலுக்குப் போனால்தான் அன்றைய சோறு என்றிருக்கும் மூதூர்க் குடும்பம் சட்டத்தரணியைத் தேடிக் கொழும்புக்கு எப்படிப் போகும்? திருகோணமலை மேல் நீதிமன்றமே இவ்வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையும், மனுச் செய்ய நீண்ட கால அவகாசத்தையும் அதே திருத்தத்தில் சேர்த்துக் கேட்க வேண்டும்.