வாசகர் கேள்வி: கட்டளைக்குள் பதிப்பு எண் எதற்கு?

கேள்வி: எங்கள் சேவைக்கு ஒரு கமாண்ட் லைன் கிளையன்ட் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து சர்வரை இயக்கும் நிரல்) எழுதினேன். அப்போது ஏபிஐ (நிரல்கள் சர்வரோடு பேசும் இடைமுகம்) ஒரே பதிப்புதான். இப்போது வி1, வி2 இரண்டும் ஓடுகின்றன, வி3 வரப்போகிறது. கட்டளைக்குக் கட்டளை ‘வி2 என்றால் இப்படி’ என்று இஃப் (நிபந்தனை) போட்டு, எதைத் தொட்டாலும் வேறெங்கோ உடைகிறது. மற்ற குழுக்களும் தங்கள் கட்டளைகளைச் சேர்க்கக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதவா?

பதில்: வேண்டாம். இஃப்களை மட்டும் இடம் மாற்றுங்கள்.

பயனர் பட்டியல் காட்டும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். பயனர்களைக் கேட்டு வாங்கி, அட்டவணையாகக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. வி1-ல் பெயர் ஒரே புலமாக வரலாம், வி2-ல் இரண்டாகப் பிரிந்து வரலாம். பட்டியலின் அடுத்த பகுதியைக் கேட்க வி1-ல் பக்க எண், வி2-ல் ‘அடுத்தது’ டோக்கன். இதெல்லாம் கட்டளைக்குத் தெரியவே கூடாது. பதிப்புக்கு ஓர் அடாப்டர் எழுதுங்கள், அதாவது அந்தப் பதிப்பின் பதிலைப் பொது வடிவத்துக்கு மாற்றித் தரும் பகுதி. எந்த அடாப்டரைக் கேட்டாலும் ஒரே வடிவப் பயனர் ஆப்ஜெக்ட்தான் வர வேண்டும்.

எந்த அடாப்டர் என்பதை சர்வரிடமே கேளுங்கள். கன்டெய்னர்களை இயக்கும் கருவியான டாக்கரின் கிளையன்ட் முதலில் ஒரு பிங் (‘இருக்கிறாயா?’ என்ற சிறு கோரிக்கை) அனுப்புகிறது, பதிலின் ஹெடரில் (தலைப்பகுதியில்) சர்வரின் ஏபிஐ பதிப்பு வருகிறது. அது தன்னுடையதைவிடப் பழையது என்றால் கிளையன்ட் தன் பதிப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்காக, பதிப்பைக் கட்டாயமாக நிர்ணயிக்க ஒரு ஃப்ளாக்கும் (கட்டளையோடு சேர்த்துத் தரும் விருப்பம்) வையுங்கள்.

இனிச் சொல்வதை அவசரமில்லாமல் படியுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய கருவியில், பழைய பதிவுகளை அழிக்கும் கட்டளைக்கு ‘ஒத்திகை’ என்று ஒரு ஃப்ளாக் இருந்தது. எவையெல்லாம் அழியும் என்று காட்டும், அழிக்காது. வி2 சர்வருக்கு அது புரியும். வி1-க்குப் புரியாது, புரியாததை விட்டுவிட்டு மீதி வேலையைச் செய்துவிடும். உடன் வேலை பார்த்தவர் ஒரு வி1 சர்வரில் ஒத்திகை பார்த்தார். திரையில் 63 வரிகள் வந்தன. 63 பதிவுகளும் நிஜமாகவே போய்விட்டன. முந்தைய நாள் பேக்கப்பிலிருந்து பெரும்பாலானவற்றை மீட்டோம், ஆனாலும் அவர் முகம் வெளுத்துப்போனதை என்னால் மறக்க முடியவில்லை. பிழை அவருடையதல்ல, என்னுடையது.

அதனால், தனக்கு என்னென்ன முடியும் என்பதை ஒவ்வொரு அடாப்டரும் அறிவிக்க வேண்டும். முடியாததைக் கேட்டால் கோரிக்கை கிளம்பும் முன்பே நிறுத்துங்கள்: ‘ஒத்திகைக்கு வி2 தேவை, இந்த சர்வர் வி1.’ வெளியேறும் குறியீடு பூஜ்யமாக இருக்கக் கூடாது, பூஜ்யம் என்றால் வெற்றி என்று ஸ்கிரிப்ட்கள் எடுத்துக்கொள்ளும். சர்வர் உங்கள் கையில் இருந்தால் அங்கேயும் கண்டிப்பு வேண்டும். கிளவுட் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கில் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் நோவா, 2015-ல் கிலோ வெளியீட்டோடு மைக்ரோவெர்ஷன் (சிறு மாற்றத்துக்கும் தனிப் பதிப்பு எண்) முறைக்கு வந்தது. வேண்டிய பதிப்பைக் கிளையன்ட் ஹெடரில் சொல்லும். சர்வரின் வரம்புக்குள் அது இல்லையென்றால் 406 என்ற பிழைக் குறியீடு திரும்பி வரும். ஊகித்து எதையாவது செய்துவைக்காது.

மற்ற குழுக்கள் தங்கள் கட்டளைகளைச் சேர்க்க, நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் காட்டும் வழியே போதும். பாத்தில் (நிரல்களைக் கணினி தேடும் கோப்புறைப் பட்டியலில்) ‘கிட்-’ என்று தொடங்கும் எந்த நிரலும் கிட்டின் துணைக்கட்டளையாகிவிடுகிறது. நீங்கள் தர வேண்டியவை உள்நுழைவு, சர்வர் முகவரி, அந்தப் பொது ஆப்ஜெக்ட்கள். அடாப்டரின் உள்ளே கைவைக்க யாரையும் விடாதீர்கள், பிறகு உங்களாலேயே அதை மாற்ற முடியாது.

எல்லாப் பதிப்பையும் என்றென்றும் தாங்க வேண்டியதில்லை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸின் கமாண்ட் லைன் கிளையன்டான கியூப்சிடிஎல்லே சர்வருக்கு ஒரு மைனர் பதிப்பு (பதிப்பு எண்ணின் இரண்டாவது பகுதி) முன்பின் வரைதான் ஆதரவு தருகிறது.

அதிகம் உடையும் கட்டளையிலிருந்து தொடங்குங்கள். வி1, வி2 சர்வர்களின் நிஜமான பதில்களைக் கோப்புகளாகச் சேமித்து, இரண்டு அடாப்டர்களும் ஒரே ஆப்ஜெக்டைத் தருகின்றனவா என்று டெஸ்ட் எழுதுங்கள். வி3 வரும் நாளில் ஏதாவது கட்டளைக் கோப்பைத் திறக்க வேண்டியிருந்தால், அதற்குள் இன்னும் ஓர் இஃப் மிச்சமிருக்கிறது.