ஆறு வருடச் சம்பளத்தை விட்டுவிட்டு அமெரிக்கா போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது டவுனில் தாமான் வீட்டில் இருக்கிறோம். உளவியலில் இளங்கலையும் கவுன்சலிங்கில் முதுகலையும் முடித்து, பதிவு பெற்ற கவுன்சலராக ஈப்போவில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் வேலை செய்கிறேன். சம்பளம் 4,800 வெள்ளி. கணவர் செம்பனை ஆலையில் சூப்பர்வைசர், 3,600 வெள்ளி. மகன் படிவம் 2, மகள் ஐந்தாம் ஆண்டு. வீட்டுக் கடன் மாதம் 1,150, கார் 620. அமெரிக்காவில் முனைவர் பட்டம் படிக்க ஆசை. கிளினிக்கல் உளவியலா (மனநலச் சிகிச்சை), பள்ளி உளவியலா என்று ஒரு வருடமாகக் குழம்புகிறேன். ஈபிஎஃப் சேமநிதியின் செஜாத்திரா கணக்கில் 42,000, ஏஎஸ்எம் யூனிட் டிரஸ்டில் 60,000 இருக்கிறது. பாட்டியின் தங்கச் சங்கிலியையும் அடகு வைத்தால் சமாளிக்கலாமா? இரண்டில் எது லாபம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு படிப்பையும் ஒப்பிட்டு இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்த பிறகு எங்கே உட்கார்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. பணக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பள்ளி உளவியலாளர் என்ற வேலை அமெரிக்காவில் இவ்வளவு பரவலாக இருப்பதற்குப் பெரிய காரணம் ஒரு சட்டம். 1975இல் அங்கே உடற்குறையும் கற்றல் குறைபாடும் உள்ள பிள்ளைகளின் கல்விக்காகச் சட்டம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்பதை முறைப்படி சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. சோதிக்க ஆள் வேண்டுமே, அதனால் பள்ளிகளில் பதவி வந்தது. அந்தப் பதவிக்கு அங்கேயே முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. பெரும்பாலோர் மூன்று வருட ஸ்பெஷலிஸ்ட் படிப்பும், அதற்குள் 1,200 மணி நேரப் பயிற்சியும் முடித்து வேலைக்குப் போகிறவர்கள். நம் மலேசியாவில் அந்தப் பெயரில் சட்டம் பதிவு செய்யும் தொழிலே கிடையாது. ஆறு வருடம் கழித்துப் பள்ளி உளவியல் முனைவராகத் திரும்பி வந்தாலும், தொழில் செய்ய உங்கள் கையில் இருக்கப்போவது இப்போது வைத்திருக்கும் அதே கவுன்சலர் பதிவுதான். அது 1998 கவுன்சலர் சட்டப்படி ஏற்கெனவே உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

கிளினிக்கல் கதை வேறு. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, கிளினிக்கல் உளவியலாளரைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் இங்கே அந்தத் தொழிலுக்குள் நுழையும் கதவு முதுகலைதான். யுகேஎம், ஹெல்ப் போன்ற பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்து இரண்டு, இரண்டரை வருடம் ஆகும்.

சரி, இப்போது காசு. அமெரிக்காவில் கிளினிக்கல் முனைவர் படிப்புக்கு ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும். நடுவில் ஆறு என்று வைத்துக்கொள்வோம். நல்ல பிஎச்டி இடங்களில் கட்டணத்தைத் தள்ளி உதவித்தொகையும் தருவார்கள். சில இடங்களுக்கே நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும். சைடி (PsyD) என்ற இன்னொரு வகை முனைவர் பட்டம் பெரும்பாலும் கைக்காசில் படிப்பது. அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம். முழு உதவித்தொகை கிடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது ஓர் ஆள் அங்கே வயிறு கழுவத்தான் சரியாக இருக்கும். குடும்பத்தோடு போனாலும், மாணவர் விசாவில் வருபவரின் துணைக்கு அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. கணவர் சம்பளமும் போய்விடும்.

நீங்கள் மட்டும் போகிறீர்கள் என்றால், உங்கள் 4,800 வெள்ளிச் சம்பளத்தில் ஆறு வருடத்துக்கு 3,45,600 வெள்ளி போகிறது. முதலாளி உங்கள் ஈபிஎஃப்பில் போடும் 13 விழுக்காடு மாதம் 624. அது ஒரு 44,928. ஆக மொத்தம் 3,90,528 வெள்ளி. திரும்பி வரும்போது வயது 47. அறுபதில் ஓய்வு என்றால் மிச்சம் 156 மாதம். வகுத்துப் பாருங்கள்: விட்ட காசைப் பிடிக்க மட்டுமே ஒவ்வொரு மாதமும் இப்போதைய சம்பளத்துக்கு மேல் சுமார் 2,500 வெள்ளி கூடுதலாகக் கிடைக்க வேண்டும். இதில் விமான டிக்கெட் இல்லை, ஈபிஎஃப் லாப ஈவு இல்லை.

வீட்டுப் பக்கமும் பாருங்கள். கணவருக்குப் பிடித்தம் போகக் கையில் சுமார் 3,180 வரும். வீடும் கார் கடனும் கட்டினால் மிச்சம் 1,410. அதில் மூன்று பேர் சாப்பிட வேண்டும், மகளின் பள்ளி வேன், மின்சாரம், அப்புறம் கணவரின் மோட்டார் சைக்கிளுக்கு டயர். நீங்கள் மூன்றாம் வருடத்தில் இருக்கும்போது மகன் எஸ்பிஎம் தேர்வு எழுதுவான். அடுத்த வருடம் அவனுக்குக் கல்லூரிக் கட்டணம். ஒரே வீட்டில் இரண்டு மாணவர், ஒரு சம்பளம்.

உள்நாட்டுக் கிளினிக்கல் முதுகலைக்கு இதே கணக்கைப் போட்டால் முப்பது மாதத்தில் 1,62,720 வெள்ளி இழப்பு. முடிக்கும்போது உங்களுக்கு 43 வயது தாண்டி, இன்னும் 198 மாதம் இருக்கும். மாதம் 822 கூடுதலாக வந்தால் ஈடாகிவிடும். கட்டணத்தை அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். இது எட்டக்கூடிய தூரம். ஏஎஸ்எம்மில் இருக்கும் 60,000ஐ மாதம் 2,000 வீதம் எடுத்தால் சரியாக முப்பது மாதம் வரும். சனி ஞாயிறு கவுன்சலிங் எடுக்க முடிந்தால் (தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பித்து வைத்திருங்கள்) அதில் கொஞ்சம் மிஞ்சும்.

செஜாத்திரா கணக்கிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்க ஈபிஎஃப் அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது என்பதற்காகத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். 2023இல் 5.5 விழுக்காடும் 2024இல் 6.3 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தார்கள். 5.5 என்றே வைத்தாலும், தொடாமல் விட்ட 42,000 உங்கள் 55 வயதில் ஏறக்குறைய 89,000 ஆகியிருக்கும். கட்டணத்துக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள், அதுவும் தவணை தவணையாக.

வருமான வரியில் சுயகல்விக்கு 7,000 வெள்ளி விலக்கு உண்டே என்று யாராவது சொல்வார்கள். உண்டு, மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் படித்தால். ஆனால் உங்கள் வருமானத்துக்கு அது ஆண்டுக்கு 420 வெள்ளிதான் மிச்சப்படுத்தும். முழுநேரமாகப் படித்துச் சம்பளமே இல்லாத வருடத்தில் மிச்சப்படுத்த வரியே இருக்காது.

உங்கள் மனம் உண்மையில் பள்ளிப் பிள்ளைகளிடம்தான் என்றால் வேலையை விடவே வேண்டாம். தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்வி உளவியலில் ஆராய்ச்சி முனைவர் படிப்பைப் பகுதிநேரமாகச் செய்யலாம், ரயிலிலும் போய் வரலாம். அது புதிய தொழில் உரிமம் எதையும் தராது. கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் பேனரிலும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடுவார்கள். நம் ஊரில் அதற்கு இருக்கும் மதிப்பு எனக்கும் தெரியும், கேலி செய்யவில்லை. அந்த மரியாதைக்கு 3,90,000 வெள்ளி கொடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் அமெரிக்கா வேண்டாம், கிளினிக்கல் முதுகலை. விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் லீவு போட்டு உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனையில் வேலை செய்யும் யாரையாவது சந்தித்துப் பேசுங்கள். உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. பள்ளியில் அழும் பிள்ளையை உட்கார வைத்துப் பேசுவதும், வார்டில் ஒருவரைச் சந்திப்பதும் ஒரே வேலை இல்லை. பின்னதுதான் வேண்டும் என்று தோன்றினால் கட்டணத்தைக் கட்டுங்கள்.

பாட்டி சங்கிலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடகுக்கடையில் மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதக் கெடு. பத்தாயிரத்துக்கு மாதம் 200 வெள்ளி. சம்பளம் இல்லாத முப்பது மாதத்தில் ஐந்து முறை கெடு வரும். எடுக்க வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும்.